தம்பியின் ஊசி அளவைப் பாதியாக்கலாமா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"என் தம்பிக்கு 38 வயது. எடை 158 கிலோ, உயரம் 170 செ.மீ. ஒன்பது நாள்களுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. ஹெர்னியா ஒன்றையும் சேர்த்துச் சரிசெய்ததால் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸாபாரின் 60 மி.கி. ஊசியைக் காலையும் இரவும், மொத்தம் நான்கு வாரம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 105 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 மி.கி. இரண்டு வேளை, அதுவும் பத்து நாள்தான். 68 கிலோ எடையுள்ள எங்கள் அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது இதே மருந்து 40 மி.கி., நாளுக்கு ஒரே முறை போட்டார்கள். மருந்துக் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா, 'இவனுக்கு மூன்று மடங்கு எழுதியிருக்கிறார்கள், உள்ளே ரத்தம் கசிந்துவிடும்' என்று பயப்படுகிறார். தம்பியின் வயிற்றில் நீலத் திட்டுகளும் வந்திருக்கின்றன. அதனால் இரண்டு நாளாக இரவு ஊசியை நிறுத்திவிட்டோம். தம்பி வீட்டுக்குள் நன்றாக நடக்கிறான். இனியும் ஊசி வேண்டுமா? மாத்திரையாக மாற்றிக்கொள்ள முடியாதா?"

அன்புள்ள சகோதரி,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். தம்பிக்கு அறுவை சிகிச்சை செய்த குழுவை இன்று இரவு ஊசி நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் அழையுங்கள். இரண்டு இரவுகள் ஊசி போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. ரத்தக்கசிவுக்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால், பழையபடி இரண்டு வேளையும் தொடருங்கள் என்றே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். விட்டுப்போன ஊசிகளை ஈடுகட்டுவதாக நினைத்து ஒரே நேரத்தில் இரண்டைப் போட்டுவிடாதீர்கள். விட்டது விட்டதுதான், அடுத்த வேளையிலிருந்து ஒழுங்காகப் போட்டால் போதும். இதற்கிடையில் தம்பிக்கு மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தொலைபேசியில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான் ரத்தவியல் மருத்துவன். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களோடு சேர்ந்து, இந்த ஊசியின் அளவை முடிவுசெய்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆனாலும் உங்கள் தம்பியை நான் பரிசோதிக்கவில்லை. அவருடைய சிறுநீரகப் பரிசோதனை முடிவும் ஹீமோகுளோபின் அளவும் என் கையில் இல்லை. எனவே அளவு பற்றிய கடைசி வார்த்தை அவருடைய குழுவுக்கே உரியது. அந்த அளவு எப்படி வந்தது, அதை வீட்டில் வைத்துக் குறைப்பதில் என்ன ஆபத்து என்பதை நான் விளக்குகிறேன்.

சித்தப்பாவின் கணக்கிலிருந்து தொடங்குவோம். அப்பாவுக்கு நாளுக்கு 40 மி.கி., தம்பிக்கு 120 மி.கி., ஆகவே மூன்று மடங்கு. ஊசியின் மேல் எழுதியிருக்கும் எண்களை மட்டும் பார்த்தால் அது சரிதான். இப்போது அந்த மருந்து போய்ச் சேரும் உடலையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறத்தாழ 0.59 மி.கி. கிடைத்தது. பக்கத்து அறைப் பெண்ணுக்கு 0.76. தம்பிக்கு எழுதப்பட்ட அளவில் அவருக்கும் அதே 0.76. நீங்கள் இரவு ஊசியை நிறுத்திய பிறகு அவருக்குக் கிடைப்பது 0.38. அதாவது, மூவரில் அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் ஒருவருக்கு, அப்பா பெற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான் இரண்டு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைச் சித்தப்பாவிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் இருந்தவர், உடனே புரிந்துகொள்வார்.

கிலோ கணக்கு ஒரு தோராயமான அளவுகோல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எனாக்ஸாபாரின் பெரும்பாலும் ரத்த ஓட்டத்துக்குள்ளேயே தங்கும் மருந்து. கொழுப்புத் திசுவில் ரத்தக் குழாய்கள் குறைவு. 160 கிலோ எடையுள்ளவரின் உடலில், 80 கிலோ எடையுள்ளவரைப் போல இரண்டு மடங்கு ரத்தம் ஓடுவதில்லை. எனவே எடை இரட்டிப்பாகிறது என்று மருந்தையும் அப்படியே இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் அளவு மிஞ்சும். எல்லோருக்கும் ஒரே 40 மி.கி. என்று வைத்தால் பெரிய உடலுக்கு அது எட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் பல மருத்துவமனைகள் படிப்படியான அளவு முறையைப் பின்பற்றுகின்றன. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். அது 40-ஐத் தாண்டினால் 40 மி.கி. இரண்டு வேளை, 50-ஐத் தாண்டினால் 60 மி.கி. இரண்டு வேளை என்பது பரவலாகப் புழங்கும் முறை. உங்கள் தம்பியின் குறியீட்டெண் ஏறத்தாழ 55. பக்கத்து அறைப் பெண் சுமார் 160 செ.மீ. உயரம் இருந்தால் அவருடையது 41. இருவருக்கும் எழுதப்பட்ட அளவுகள் இந்தப் படிகளில் சரியாகப் பொருந்துகின்றன. யாரோ கவனக்குறைவாக எழுதிவிட்ட எண் போல எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ரத்தக்கட்டி ஏற்கெனவே உண்டானவர்களுக்கு இதே எனாக்ஸாபாரினைச் சிகிச்சையாகக் கொடுப்போம். அப்போது அளவு கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் தம்பிக்கு அந்தக் கணக்கில் ஒவ்வொரு வேளையும் 158 மி.கி., நாளுக்கு 316 மி.கி. வரும். அவருக்கு எழுதியிருப்பது 120. சிகிச்சை அளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. தடுப்புக்கான அளவு, சிகிச்சைக்கான அளவு என்ற இந்த வேறுபாடு தெரியாமல் ஊசிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

இரண்டு வேளை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தோலுக்கடியில் போட்ட இந்த மருந்து மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தை எட்டும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். காலையில் போட்டதன் வலு இரவு வருவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நீங்கள் நிறுத்தியிருப்பது இரவு ஊசியை. தம்பி அசையாமல் படுத்திருக்கும் நேரம்தான் காவல் குறைந்த நேரமாகிவிடுகிறது. பகலில் அவர் நடக்கிறார், கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. இரவில் அந்த உதவியும் கிடையாது.

அளவு குறைந்தால் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா என்று கேட்பீர்கள். 2002-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 481 பேரில் ஒரு பகுதியினருக்கு 30 மி.கி. இரண்டு வேளையும், மற்றவர்களுக்கு 40 மி.கி. இரண்டு வேளையும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் 5.4 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி வந்தது. இரண்டாம் பிரிவில் 0.6 சதவீதம். ஒரு வேளைக்குப் பத்தே மில்லிகிராம் வேறுபாடு. அந்த இரு பிரிவினரும் வெவ்வேறு காலகட்டங்களில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதால் முழு வேறுபாட்டையும் மருந்தின் கணக்கிலேயே எழுதிவிட நான் தயாரில்லை. இருந்தாலும் அந்த எண்களைப் படித்த பிறகு அளவை மனம்போல் குறைக்க எனக்குக் கை வராது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுவதும் ஒரே அளவு என்று எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட விதி இந்தத் துறையில் இல்லை. மருத்துவமனையில் இருக்கும்வரை இரண்டு வேளையும், வீடு திரும்பியபின் ஒரு வேளையும் கொடுக்கும் குழுக்களும் இருக்கின்றன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 223 பேருக்கு அப்படித்தான் கொடுத்தார்கள், வீட்டில் பத்து நாள்கள் ஒரு வேளை. எனவே 'வீட்டில் ஒரு வேளை' என்பதே கேள்விப்படாத ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ஒரு குழு தன் நோயாளிகளைத் தேர்ந்து, அவர்களைத் தொடர்ந்து கண்காணித்து எடுத்த முடிவு. உங்கள் தம்பியின் குழு அவரைப் பார்த்து வேறு முடிவு எடுத்திருக்கிறது. ஒரு குழுவின் முடிவைப் பாதியில் நிறுத்தி இன்னொரு குழுவின் முறையை ஒட்டவைக்கும்போதுதான் ஆள் நடுவில் விழுகிறார்.

எதை வைத்து அந்தக் குழு நான்கு வாரம் என்று முடிவெடுத்திருக்கும்? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 92,000 பேரின் பதிவுகளை அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். முதல் 30 நாள்களுக்குள், வீடு திரும்பிய பிறகு ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவில்தான். சிறிய எண், இதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். ஆனால் ரத்தக்கட்டி வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அது வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான். யாருக்கு அதிகம் வருகிறது என்றும் பார்த்தார்கள். ஆண்கள், 60 வயதைத் தொட்டவர்கள், குறியீட்டெண் 50-க்கு மேல் உள்ளவர்கள், மூன்று மணி நேரத்துக்குமேல் அறுவை சிகிச்சை நீண்டவர்கள், மூன்று நாளோ அதற்கு மேலோ மருத்துவமனையில் தங்கியவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், இரண்டாம் முறை அறுவை அரங்குக்குத் திரும்ப நேர்ந்தவர்கள். உங்கள் தம்பி ஆண், குறியீட்டெண் 55, மூன்றரை மணி நேர அறுவை, நான்கு நாள் தங்கல். நான்கு அடையாளங்கள் அவரிடம் இருக்கின்றன. பக்கத்து அறைப் பெண்ணிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருந்திருக்கலாம். பத்து நாள், நான்கு வாரம் என்ற வேறுபாடு பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்திருக்கும்.

வீடு திரும்பிய பிறகு ஏன் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கிறது. 1850-களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த ஒரு பாடத்தை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. இந்த மூன்றும் கூடும் இடத்தில் கட்டி உருவாகிறது. அதிக எடையில் வயிற்றின் அழுத்தம் கால்களிலிருந்து திரும்பும் சிரைகளை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும். கொழுப்புத் திசு சுரக்கும் சில பொருள்கள், உருவான கட்டியைக் கரைக்கும் உடலின் இயல்பான வேலையைத் தடுக்கின்றன. அறுவை மேசையில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து மணிக்கணக்கில் வேலை செய்கிறோம். கால்களில் ரத்தம் தேங்குகிறது. வெட்டுக் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையால் ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு மாறுகிறது. இந்த மாற்றம் நான்காம் நாள் வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கிறது. அதோடு, புதிதாகச் சிறுத்துப்போன இரைப்பையால் போதிய தண்ணீர் குடிக்க முடிவதில்லை. உடல் வறள, ரத்தம் இன்னும் தடிக்கிறது.

ஆகவே நடப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு: தம்பி நடப்பது மிக நல்லது, நிறுத்தவே கூடாது. மந்தமான ஓட்டம் என்ற ஒரு காரணத்தை அது சரிசெய்கிறது. மற்ற இரண்டையும் நடையால் தொட முடியாது. என் தொடக்க காலத்தில் ஒருவர் மூன்றாம் நாளே உற்சாகமாக நடந்து வீட்டுக்குப் போனார். பதினோராம் நாள் மூச்சுத்திணறி அவசரப் பிரிவுக்கு வந்தார், இரண்டு நுரையீரலிலும் கட்டிகள். பிழைத்துக்கொண்டார். மீதமிருந்த ஊசிகளை அவருடைய மனைவி ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, "நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தார்" என்று என்னிடம் காட்டிய அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

இப்போது நீலத் திட்டுகள். ஊசி போட்ட இடத்தில் சிறு நாணய அளவில் வரும் கன்றல்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் வருபவை. உள்ளே ரத்தம் கசிவதற்கான அடையாளம் அவை அல்ல. போடும் முறையைச் சற்றுத் திருத்தினால் குறையும். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், அறுவைத் துளைகளை விட்டு விலகி, தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் மடிப்பாகப் பிடித்து ஊசியை நேராக முழுவதும் இறக்குங்கள். மருந்து முழுதும் இறங்கி ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விட வேண்டாம். பிறகு அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கன்றல் கூடும். காலை வலப்பக்கம் என்றால் இரவு இடப்பக்கம். முழு அளவையும் போடும்போது நிரப்பியே வரும் ஊசிக்குள் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றவும் வேண்டாம். வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும்.

எந்த ரத்தக்கசிவுக்குப் பயப்பட வேண்டும்? தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், திடீர் வெளிறல், உள்ளங்கை அளவுக்குப் பரவிக்கொண்டே போகும் கன்றல், அறுவைத் துளையிலிருந்து நிற்காத கசிவு. இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்ட வரிசையிலிருந்து ரத்தம் கசிவது உண்மையான ஆபத்துதான். சித்தப்பா சொல்வதில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முதல் சில நாள்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். ஒன்பதாம் நாளில் நிற்கும் ஒருவருக்குத் தராசின் தட்டு கட்டிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நின்றால், காரணம் கசிவா, கட்டியா, தையல் விலகலா என்று வீட்டில் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூன்றிலும் நாடி ஓடும்.

கூடவே எடுக்கும் சில மாத்திரைகளும் கசிவு ஆபத்தைக் கூட்டும். உடம்பு வலிக்கிறது என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் குழுவைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்த ஊசியோடு சேர்ந்தால் கசிவைத் தூண்டும், புதிதாக வெட்டித் தைத்த இரைப்பையையும் புண்ணாக்கும். ஆஸ்பிரின் ஏற்கெனவே எடுத்து வந்தவரானால் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றியும் குழுவிடம் கேளுங்கள். இந்த மருந்து பெருமளவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வாந்தியாலும் தண்ணீர் குறைவாலும் சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடலில் தேங்கும், அப்போது சரியான அளவே மிகையான அளவாகிவிடும். தம்பி தொடர்ந்து வாந்தி எடுக்கிறார், சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது என்றால் உடனே சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அளவைக் குறைப்பதற்கு அது முறையான காரணம். அதே ரத்த மாதிரியில் தட்டணுக்களையும் எண்ணச் சொல்லலாம். எனாக்ஸாபாரின் போன்ற ஹெப்பாரின் வகை மருந்து தொடங்கிய 5 முதல் 14 நாள்களுக்குள் அரிதாகச் சிலருக்குத் தட்டணுக்கள் பாதியாகச் சரிந்து, விந்தையாக, ரத்தம் மேலும் உறையத் தொடங்கும். ஊசி போட்ட இடத்தில் தோல் கறுத்துப் புண்ணானால் அதையும் காட்டுங்கள்.

அளவு சரியா என்று நேரடியாக அளந்து பார்க்கவே ஒரு பரிசோதனை உண்டு. எனாக்ஸாபாரின் ரத்தம் உறைவதற்கான பத்தாம் காரணியை முடக்குகிறது. அந்த முடக்கத்தை அளப்பதால் ஆன்ட்டி-டென்-ஏ பரிசோதனை என்கிறோம். ஒழுங்காகக் குறைந்தது மூன்று வேளை ஊசி போட்ட பிறகு, அடுத்த ஊசியிலிருந்து சரியாக நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தடுப்பு அளவுக்கு மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.5 அலகு வரை இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. நேரம் தவறி எடுத்த ரத்தம் தவறான எண்ணைத் தரும், அதைப் பார்த்து அளவை மாற்றினால் நிலைமை கெடும். எல்லோருக்கும் இது தேவையில்லை. உங்கள் தம்பியைப் போன்ற எடையில், சிறுநீரகம் பற்றி ஐயம் இருந்தால், கேட்பதில் தவறே இல்லை. பயத்துக்கு ஓர் எண்ணால் பதில் கிடைப்பது குடும்பத்துக்கும் நிம்மதி. இரவு ஊசியை விட்டிருக்கும் இந்த நாள்களில் எடுத்தால் மட்டும் பயனில்லை.

மாத்திரை. இந்தக் கேள்வியை ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் கேட்கிறார்கள், கேட்பதும் இயல்புதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. சிக்கல் என்னவென்றால், வாய்வழி மருந்து உடலுக்குள் போக வேண்டிய பாதையைத்தான் நாம் மாற்றியமைத்திருக்கிறோம். ரிவராக்ஸபான் பெரிதும் இரைப்பையிலும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் உறிஞ்சப்படுவது. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதி போய்விட்டது. இன்னொரு வகை எடைக் குறைப்பு அறுவையான இரைப்பை பைபாஸில், உணவு மேல்குடலைத் தொடாமல் சுற்றுப்பாதையில் போகிறது. உணவின் அளவும் சில கரண்டிகளாகச் சுருங்கிவிட்டது. இதைத் தாண்டியும் முயன்றிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அறுவைக்குப் பின் ரிவராக்ஸபான் 10 மி.கி. மாத்திரையை ஒரு பிரிவினருக்கு 7 நாளும் மற்றப் பிரிவினருக்கு 28 நாளும் கொடுத்தார்கள். 269 பேரில் ஒருவருக்கு மட்டுமே ரத்தக்கட்டி வந்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் 269 என்பது சிறிய எண்ணிக்கை. ஏற்கெனவே கட்டி வந்தவர்களுக்குச் சிகிச்சை என்று வரும்போது, அறுவைக்குப் பின் குறைந்தது முதல் நான்கு வாரங்களுக்கு ஊசியையே நம்புங்கள் என்பது ரத்த உறைவு நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டல். தடுப்புக்கு மாத்திரை என்பதை வருங்காலம் ஏற்கக்கூடும். உங்கள் தம்பிக்கு, அதிக ஆபத்து அடையாளங்களுடன், பாதி வழியில் வீட்டிலேயே மாற்றிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். ஊசி குத்துவதே தாங்க முடியவில்லை என்றால் அதையும் குழுவிடம் சொல்லுங்கள், அவர்கள் பேசி முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்று, பலருக்கும் தெரியாதது. கட்டி என்றதும் காலையும் நுரையீரலையும் மட்டுமே நினைக்கிறோம். ஸ்லீவ் அறுவைக்குப் பின் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் சிரையிலும் கட்டி உருவாகலாம். அரிது, ஆனால் பைபாஸைவிட ஸ்லீவுக்குப் பிறகு அதிகம் பார்க்கிறோம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில், குறைந்துகொண்டே வந்த வயிற்றுவலி திரும்பிக் கூடுகிறது, முதுகுக்குப் பரவுகிறது, குமட்டுகிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் 'அறுவை வலிதான்' என்று பொறுத்திருக்க வேண்டாம். சிரைகளுக்கான சி.டி. ஸ்கேனில் கண்டுபிடித்துவிடலாம். தொடக்கத்தில் பிடித்தால் மருந்திலேயே கரையும் வாய்ப்பு அதிகம். தாமதித்தால் குடலுக்கே கேடு. இதில் வறட்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், தம்பி விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு குவளையைப் பக்கத்தில் வைத்து, சிறு சிறு மிடறுகளாக, குழு சொன்ன அளவு எட்டும்வரை குடித்துக்கொண்டே இருக்கட்டும். பொதுவாக நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்பது இலக்கு. ஒரே மூச்சில் முடியாது, நாள் முழுக்கச் சேர்த்தால் முடியும்.

நான்கு வாரத்துக்குள் எடை இறங்குமே, அளவை மாற்ற வேண்டாமா என்று தம்பி கேட்கக்கூடும். இந்தக் காலத்தில் குறையும் எடை, தடுப்பு அளவின் படியை மாற்றும் அளவுக்குப் பெரும்பாலும் இருக்காது. எடை 145 கிலோவுக்குக் கீழே இறங்காதவரை அவருடைய குறியீட்டெண் 50-க்குக் கீழே போகாது. அதற்குக் கீழே வந்தால் அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள்.

இன்று தொலைபேசியில் பேசும்போது கேட்க வேண்டியவை: இரண்டு வேளையும் தொடரவா, கடைசி ஊசி எந்தத் தேதியில், சிறுநீரகத்துக்கும் தட்டணுக்களுக்கும் ரத்தப் பரிசோதனை எப்போது, இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணை அழைப்பது. பதில்களை ஒரு தாளில் எழுதி, ஊசிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவையுங்கள். போட்ட ஒவ்வொரு வேளைக்கும் அதில் ஒரு கோடு போடச் சித்தப்பாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பிமேல் இவ்வளவு அக்கறை உள்ளவர் ஒரு வேளையும் தவறவிடமாட்டார்.

பேசி முடித்ததும் குழு என்ன சொன்னது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.